பானை உள்ளே போகும் நேரம்

செங்கம் ரோட்டில் எங்கள் மாவு மில் வாசலில் ஒரு தண்ணீர்ப் பானை உண்டு. எங்கள் என்று சொல்லிவிட்டேன். மில் சமணரான விருசபதாச நயினாருடையது, நான் அதன் மாடியில் குடியிருப்பவள், அவ்வளவுதான். பதினோரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வாய் இப்படித்தான் உரிமை எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பானையை வைத்து எனக்கும் அவருக்கும் ஓயாத வழக்கு. காலையில் இரண்டாக மடித்த துணியில் தண்ணீரை வடிகட்டி நிரப்புவார். துணியில் தங்கியதையும் உதறிவிட மாட்டார். வடிகட்டிய தண்ணீரிலேயே அதை அலசி, பின்னால் இருக்கும் கிணற்றில் திரும்ப ஊற்றுவார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வந்த இடத்துக்கே போகவேண்டுமாம். பகல் முழுக்க ஆட்டோக்காரர், பூக்காரி, ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் என்று யாரும் குடிக்கலாம். பொழுது சாய்ந்ததோ இல்லையோ, பானையைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார். பௌர்ணமி அன்றும் அப்படியே. ரோடு கொள்ளாத ஜனம் மலை சுற்றிக்கொண்டிருக்கும், இவர் பானையை இடுப்பில் அணைத்துக்கொண்டு உள்ளே போவார்.

ஒரு பௌர்ணமி அன்று எனக்குப் பொறுக்கவில்லை. "கைக்கொழந்தையோட ஒரு பொம்பள கேட்டுக்கினு நிக்குது. இன்னா மனுசன் நீங்க?"

"பொழுது போனா நாங்க குடிக்கறதில்ல காசிம்மா. நான் குடிக்கக் கூடாதுன்னு ஒதுக்கினத அடுத்தவங்க வாயில ஊத்தலாமா, நீங்களே சொல்லுங்க."

கலெக்டர் ஆபீஸ் தபால் பிரிவில் இருபது வருஷமாக மனுக்களைப் பிரித்துப் போடுகிறவள் நான். எதற்கும் ஒரு பதில் எழுதிவிடுவேன். இதற்குக் கோபம்தான் வந்தது.

இப்படிச் சொல்பவர் வீட்டில்தான் தினமும் இருட்டிய பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்கும். நான் படுக்கப் போகும் நேரத்தில் கீழே பானை மூடி நகரும். சொம்பில் தண்ணீர் விழும். சொம்பைத் தரையில் வைக்கும் சத்தம் வரும். பிறகு ஒன்றும் இருக்காது. காலையில் அந்தச் சொம்பைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து வாசல் செம்பருத்திக்கு ஊற்றுவார். அவர் மனைவி ராஜமதி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகப்போகிறது. ஒரே மகள் கீர்த்தனா கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள். வீட்டில் அவரைத் தவிர குடிக்க ஆளில்லை, அவரும் இருட்டினால் குடிப்பவரில்லை. ராஜமதி இன்னும் நடமாடுகிறாள் என்று தெருவில் சொன்னார்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொள்வேன்.

மற்றபடி தங்கமான மனிதர். முட்டை கூடாது, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, மண்ணுக்கடியில் விளைகிற எதுவும் கூடாது என்று எனக்கு வீடு கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். நான் பக்கத்து வீட்டு முன்னி பேகத்தின் அடுப்படியில் ஆம்லெட் சாப்பிட்டுக் காலத்தை ஓட்டுகிறேன். மில்லுக்கு வரும் தானியத்தை முறத்தில் கொட்டிப் புடைத்துப் பார்க்காமல் மெஷினில் போடமாட்டார். ஒரு வண்டு தெரிந்தால் போதும், "வெயில்ல காயப்போட்டு, அது தானா போனப்புறம் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இதனால் பாதிக் கிராக்கி அடுத்த தெரு மில்லுக்குப் போய்விட்டது. போனவர்களும் நல்ல நாள் மாவுக்கு இவரிடம்தான் திரும்பி வருவார்கள். அவர் அரைத்த மாவில் சூடு ஏறாது, கல் நெருநெருக்காது.

பக்கத்து வீடு மதார் சாகிப்புடையது. முன்பக்கம் பஞ்சு மெத்தைக் கடை, பின்பக்கம் குடித்தனம். அவருடைய மகன் அமான், மருமகள் முன்னி பேகம், பேத்தி ஆஃப்ஷீன். ஆஃப்ஷீனுக்குத் தை மாதம் ஏழு வயது முடிந்தது. பள்ளிக்கூடம் விட்டால் பையைத் தன் வீட்டு வாசலில் வீசிவிட்டு நேராக மில்லுக்கு வந்து, மூட்டை நிறுக்கும் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். நயினார் அவளிடம் பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வரும். கரண்ட் பில்லைக் காட்டி, "பாரு, இந்த மாசம் ஜாஸ்தி" என்பார். மோர்க்குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "புளிப்பு சரியா இருக்குதா?" என்பார். ஒருநாள் "பீரோவோட சின்னச் சாவிய எங்க வச்ச?" என்று கேட்டார். குழந்தை ரொம்ப யோசித்து, "அதுக்குள்ள" என்று உளுந்து டின்னைக் காட்டியது. டின்னில் கையை விட்டார். சாவி இருந்தது. அந்த மனிதர் அன்று மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவர் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. குழந்தைதான் போட்டிருக்கும், குழந்தைக்கு நினைவு வந்திருக்கும் என்று நான் நினைத்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் அவளுக்கு அடையோ சுண்டலோ பொங்கலோ கொடுத்து வயிற்றை நிரப்பித்தான் வீட்டுக்கு அனுப்புவார். முன்னி பேகத்துக்கு இதில் வருத்தம்.

"நான் பிரியாணி பண்ணி வைக்கிறேன், இவ பொங்கல துன்னுட்டு வந்து ஏப்பம் உடறா. நைனாருக்கு என் சமையல் மேல இன்னா கோவம்னு கேளுங்கக்கா."

நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மாசி மாதம் கீர்த்தனாவுக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தரித்திருக்கிறது. வளைகாப்பை அப்பா வீட்டில்தான் செய்யவேண்டும், பிரசவமும் இங்கேதான் என்று அடம்பிடித்து வந்துவிட்டாள். "பாத்துக்க அம்மா இல்லையேடி" என்று சொன்ன மாமியாரிடம், "காசியக்கா இருக்காங்க" என்று சொன்னாளாம். அதைக் கேட்டதிலிருந்து அந்தப் பெண்ணுக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அது நோன்பு மாதம். மதார் சாகிப் வீட்டார் பட்டினியோடு வந்து, வளையல் போட்டு, சாப்பிடாமல் வாழ்த்திவிட்டுப் போனார்கள். புளி சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் வெயில் இருக்கும்போதே பந்தி முடிந்தது. கைநிறைய வளையலோடு கீர்த்தனா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மாமியார் வயிற்றைத் தொட்டு, "ராஜமதியம்மாதான் வந்து பொறக்கப்போறாங்க" என்றார். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். யார்தான் சொல்லமாட்டார்கள். கீர்த்தனாவின் முகம் பூத்துவிட்டது.

"பொண்ணா பொறந்தா அம்மா பேருதாம்பா. நீங்கதான் காதுல சொல்லணும்" என்றாள்.

நயினார் ஒரு தட்டில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். "அவ வரமாட்டாம்மா" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. கீர்த்தனா சிரித்துக்கொண்டே, "ஏம்பா?" என்றாள்.

"போனவ அப்பவே பொறந்துட்டா. வர்றது வேற ஜீவன். அந்தப் பேரு வேணாம்."

அவர் கொடூரமாகச் சொல்லவில்லை. வண்டு இருக்கிறது, அரைக்க முடியாது என்பாரே, அந்தக் குரலில்தான் சொன்னார். கீர்த்தனா கை வளையல்களைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போனபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா செத்தன்னிக்கிக் கூட அவரு அழல அக்கா. பொறுத்துக்கிட்டேன். ஆறு வருஷத்துல என் வீட்டுக்கு ஒரு ராத்திரி வந்து தங்கல. மில்ல விட்டு வர முடியாதுன்னாரு. பொறுத்துக்கிட்டேன். அம்மா பேர வைக்க எனக்கு உரிமை இல்லையா? திங்கக்கெழமை இவர வரச் சொல்லிட்டேன். நான் போறேன். இனிமே இங்க வரமாட்டேன்."

இவர் என்றது அவள் கணவன் அபிநந்தனை. அவள் சொன்னால் செய்பவள். நயினாருக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான், அவளும் திங்கட்கிழமை போய்விடுவாள்.

சனிக்கிழமை எனக்கு லீவு. பள்ளிவாசல் கஞ்சிக்கு நொய் உடைக்க இரண்டு மூட்டை பச்சரிசி வந்திருந்தது. வருஷா வருஷம் அந்த அரிசியை நயினார்தான் உடைத்துக் கொடுப்பார், கூலி வாங்கமாட்டார். முறத்தோடு நானும் உட்கார்ந்தேன். பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன்.

"வயித்துப் புள்ளக்காரிகிட்ட அப்படிச் சொல்லலாமா நயினாரே?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய்யில்ல. ஒரு ஆசை."

அவர் அரிசியைக் கிளறிக்கொண்டே சொன்னார். "எங்க மதத்துல, ஒரு ஜீவன் ஒடம்ப விட்டுச்சுன்னா கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள வேற ஒடம்பு எடுத்துடும். காத்துக்கினு நிக்கிற எடமே கெடையாது. அதனாலதான் எங்களுக்குத் திதி இல்ல, பிண்டம் இல்ல. யாருக்கு வைக்கிறது? அவங்கதான் எங்கியோ பொறந்து பால் குடிச்சிக்கினு இருக்காங்களே."

"சரி. எங்கியோ பொறந்துட்டாங்க. அதுக்கு?"

"எங்கியோ இல்ல." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சித்திரையில அவ போனா. பக்கத்துல தை மாசம் பொறந்திச்சு. பத்து மாசம். எண்ணிப் பாருங்க."

நான் விரலை மடக்கி எண்ணினேன். எண்ணி முடித்ததும் தராசுத் தட்டைப் பார்த்தேன். "ஆஃப்ஷீனா?"

"மாவு எடுத்துக் கன்னத்துல தேச்சிப் பாக்கறா காசிம்மா. நைசா இருக்குதான்னு. மூணு வயசுலயே. யாரு சொல்லிக் குடுத்தா? அவ அப்படித்தான் பாப்பா."

"நயினாரே, அந்தச் சித்திரையில இந்த ஊர்ல எத்தினி பேரு வயித்துல தரிச்சிருக்கும். எறும்பா பொறக்கலாம், மாடா பொறக்கலாம்னு நீங்கதானே சொல்வீங்க?"

"பொறக்கலாம். அதுக்காக செவுத்துக்கு அந்தாண்ட இருக்கறவள உட்டுட்டு எறும்பத் தேடிக்கினு போவாங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "அவ கறி துன்றா காசிம்மா. நாப்பது வருசம் உருளைக்கெழங்கத் தொடாதவ. பக்ரீத் அன்னிக்கி வாசன வரும். நான் செவுத்தப் பாத்து உக்காந்துக்கினு இருப்பேன். பாய் வீட்டுல தப்பில்ல, அவங்க சாப்பாடு. இவளுக்குத்தான் என்ன வினையோன்னு இருக்கும்."

மாலை ஐந்து மணிப் பொங்கலின் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. முன்னி பேகத்தின் பிரியாணியோடு இந்த மனிதர் ஐந்து வருஷமாகத் தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இத கீர்த்தனாகிட்ட சொல்லிடுங்க. அவ கோவம் போயிடும்" என்றேன்.

"சொன்னா, அம்மா பக்கத்துலயே இருக்கணும்னு உங்களுக்கு இன்னாப்பா இவ்ளோ தவிப்புன்னு கேப்பா. அதுக்கு மேல ஒண்ணு இருக்குது. அத சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு எழுந்து மெஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் யாரும் எதையும் கேட்க முடியாது, அதற்காகத்தான் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஃப்ஷீனுக்கு முதல் நோன்பு. விடிவதற்கு முன்பே எழுந்து சாப்பிட்டு நோன்பு பிடித்துவிட்டாள். வயது காணாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மதார் சாகிப் சொல்லிப் பார்த்திருக்கிறார், அவள் கேட்கவில்லை. சாயங்காலம் மாலை போட்டு நோன்பு திறக்க ஏற்பாடு நடந்தது. ஜிகினா வைத்த உடுப்பு, ஆரணியிலிருந்து சொந்தக்காரர்கள், ஒரு குண்டான் நிறைய ரோஸ் சர்பத். அமான் மல்லிகைச் சரம் வாங்க நாலு தடவை பூக்கடைக்கு ஓடினான்.

மாசி வெயில் அன்று சித்திரை வெயிலாக இருந்தது. நாலரை மணிக்கு நானும் கீர்த்தனாவும் அவளுடைய பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தோம். அவள் அப்பாவோடு வெள்ளிக்கிழமையிலிருந்து பேசவில்லை. வளையல் பெட்டியை மில்லில் வைத்துவிட்டதாக நினைவு வந்து எழுந்தாள். மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அதைத் திறக்கப்போனவள் நின்றுவிட்டாள். பின்னாலேயே போன நானும் நின்றேன்.

ஆஃப்ஷீன் தராசுத் தட்டில் சுருண்டு படுத்திருந்தாள். உதடு வெளுத்துத் தோல் எழும்பியிருந்தது. பக்கத்தில் நயினார் சொம்போடு குந்தியிருந்தார்.

"ஒரு வாய் குடி. யாரும் பாக்கல."

"அல்லா பாப்பாரு தாத்தா."

"அவரு நல்லவரு. ஒண்ணியும் சொல்லமாட்டாரு."

"சொல்லமாட்டாருதான். எனக்குத்தான் வேணாம்."

"நாக்கு ஒட்டுதில்ல?"

"ஒட்டுது."

"அப்புறம் இன்னா? குடி. நான் குடுக்கறேன் பாரு, என் கையால குடுக்கறேன். அன்னிக்கித்தான் குடுக்கல. இப்ப குடிச்சிடு ராஜி. அன்னிக்கி நீ கேட்ட இல்ல? நாக்கு ஒட்டுது, ஒரு வாய் தண்ணி குடுங்கன்னு கேட்ட இல்ல?"

குழந்தை எழுந்து உட்கார்ந்தது. அவர் முகத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்துப் பயப்படவில்லை. தன் துப்பட்டா நுனியால் துடைத்தது. "நான் கேக்கல தாத்தா. பொழுது போவட்டும். அப்ப குடு, குடிக்கிறேன்."

நயினார் அவளைப் பார்த்தார். பிறகு சொம்பைக் கீழே வைத்தார்.

"அவ கேட்டா. இது கேக்கல" என்றார். அவள் காதில் விழுவதற்காக அல்ல, தனக்கே சொல்லிக்கொண்டார். "இது அவ இல்ல."

எட்டு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திருந்த மனைவியை அந்த மனிதர் அந்த நிமிஷத்தில் பறிகொடுத்தார். நான் சாவு வீடுகள் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

முன்னி பேகம் கூப்பிட்டாள், குழந்தை உடுப்பு மாற்ற ஓடியது. அவர் திரும்பியபோது கதவருகில் கீர்த்தனா நின்றாள்.

"அம்மா தண்ணி கேட்டாங்களா?"

அவர் மறைக்கவில்லை. மாவுத் தூசு படிந்த தரையிலேயே உட்கார்ந்து சொன்னார். "அன்னிக்கிச் சதுர்த்தசி. பச்சத் தண்ணி இல்லாம உபவாசம் இருந்தா. நீ ஆஸ்டல்ல இருந்த. படுத்தப்புறம், நாக்கு ஒட்டுது, ஒரு வாய் தண்ணி குடுங்கன்னா. விடிய எவ்ளோ நேரம் ஆவப்போவுது, பொறுத்துக்கன்னேன். சரின்னா. மறுபடி கேக்கவே இல்ல. விடிஞ்சதும் வடிகட்டி, காய்ச்சி, ஆத்தி எடுத்துக்கினு போனேன். கை சில்லுனு இருந்தது."

"டாக்டர் மாரடைப்புன்னாரே."

"ஆமா. தண்ணி குடிச்சிருந்தாலும் போயிருப்பாங்கன்னாரு. போயிருப்பா. தாகத்தோட போயிருக்க மாட்டா."

"ஏம்பா குடுக்கல?"

"அவ விரதம் கெட்டுடக்கூடாதுன்னு இருந்தேம்மா. அவ புண்ணியம்தான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சது. அவ நாக்கு தெரியல."

இருட்டிய பிறகு கேட்கும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்கு அப்போது புரிந்தது. ராத்திரி ராஜமதிக்கு வேண்டியிருந்தால் கைக்கு எட்டட்டும் என்று தினமும் ஒரு சொம்பு வைத்திருக்கிறார். இல்லாதவளுக்கு எதுவும் வைக்கக்கூடாது என்ற மதத்தில் பிறந்து, எட்டு வருஷமாகத் திருட்டுத்தனமாக வைத்திருக்கிறார். கீர்த்தனா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வளையல் பெட்டியை எடுக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அவர் வாயைக் கொப்பளித்து முடித்திருப்பார். பக்கத்து வீட்டில் அந்த நேரத்துக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். தட்டில் பேரீச்சம்பழம், கஞ்சிக் கிண்ணங்கள், வடை, சமோசா. மல்லிகை மாலைக்குள் ஆஃப்ஷீனின் மூக்கு மட்டும் தெரிந்தது. பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் சங்கு ஊதக் கொஞ்ச நேரம் இருக்கையில் அவள், "மில் தாத்தாதான் தண்ணி குடுக்கணும், நான் சொல்லிட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தாள்.

மதார் சாகிப் மில் வாசலுக்கே வந்தார். "நைனாரே, இது உங்க நேரமில்லன்னு எனக்குத் தெரியும். கொழந்த கேக்குது. இஷ்டம் இல்லாட்டி வேணாம், நான் சமாளிச்சுக்கறேன்."

நயினார் எழுந்தார். கை கால் கழுவினார். வேறு துண்டு போட்டுக்கொண்டார். தன் பானையையே தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக் கூடத்துக்குப் போனார். சங்கு ஊதியது. எல்லோரும் குழந்தையின் வாயைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள், இவர் சாவகாசமாக மடியிலிருந்து துணியை எடுத்து டம்ளர் மேல் போட்டு வடிகட்ட ஆரம்பித்தார். ஒரு தடவை வடிகட்டியதை இன்னொரு தடவை வடிகட்டினார். அதில் பாதி தரையில் போனது.

"தாத்தா, பூச்சியெல்லாம் அப்பவே போயிடுச்சி. குடு" என்றாள் ஆஃப்ஷீன். கூடமே சிரித்தது. ஆரணிக்காரர் ஒருவர் சிரித்துப் புரையேறி, கையிலிருந்த பேரீச்சம்பழத்தை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டார்.

நயினார் டம்ளரை அவள் உதட்டில் வைத்துச் சாய்த்தார். அவள் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மடக் மடக் என்று குடித்தாள். முடித்துவிட்டு, "இன்னொண்ணு" என்றாள். அவர் ஊற்றினார். மூன்றாவதையும் ஊற்றினார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் கஞ்சியில் கை வைத்தார்கள். அவருக்குச் சாப்பிடக் கொடுக்க யாரும் துணியவில்லை, அவரும் குடிக்கவில்லை. அவருடைய நேரம் முடிந்துபோயிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது வீட்டில் விளக்கு போடவில்லை. கீர்த்தனா அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வீட்டுக்கு வந்தால் அவளும் இருட்டிய பிறகு தண்ணீர் தொடமாட்டாள். ஏழு மாதக்காரி, முந்தைய இரண்டு இரவும் உதட்டை நாக்கால் நனைத்து நனைத்துப் படுத்ததை நான்தான் பார்த்தேன். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை.

நயினார் சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து அவள் எதிரில் நின்றார். "குடிம்மா."

"எனக்கு வேணாம்."

"வேணாம்னு சொல்லாத. பொழுதப் பாக்காத. தாகம் எடுத்தா குடி. என்னக் கேக்காத, யாரையும் கேக்காத."

அவள் வாங்கவில்லை. அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. எனக்கு நடுவில் புகுந்து சொம்பைப் பிடுங்கி யார் வாயிலாவது ஊற்றிவிடலாம் போல இருந்தது.

"எனக்கு உங்க மேல கோவம் போவலப்பா" என்றாள் கீர்த்தனா.

"போவ வேணாம். தண்ணியக் குடி."

அவள் வாங்கினாள். முதலில் உதட்டை மட்டும் நனைத்தாள். பிறகு அண்ணாந்து, மூச்சு விடாமல், கழுத்தெல்லாம் வழியக் குடித்தாள். குடித்துவிட்டு அந்தச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். அவர் மனைவிக்காக அழுததை அன்றுதான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அம்மா எங்கதாம்பா இருக்காங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. இனிமே எனக்குத் தெரியாது. ஏழு வயசு இருக்கும். எங்கியோ வேற பேரோட இருக்கா. அவ பேர இன்னொரு ஜீவனுக்குச் செமக்கக் குடுக்காத. வேற நல்ல பேரு வை, நான் காதுல சொல்றேன்."

திங்கட்கிழமை அபிநந்தன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். கீர்த்தனா கட்டிய பெட்டியைப் பிரிக்கவும் இல்லை, எடுத்துப் போகவும் இல்லை. அப்பாவோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தம் இப்போதும் தினமும் கேட்கிறது. காலையில் சொம்பு காலியாக இருப்பதால் செம்பருத்திக்கு நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை பௌர்ணமி. வேங்கிக்காலில் இருக்கும் ஆபீஸிலிருந்து பஸ் கிடைக்காமல் பாதி தூரம் நடந்து, ஏழரை மணிக்கு வந்து சேர்ந்தேன். செங்கம் ரோடு முழுக்க ஜனம், வெறுங்காலோடு போய்க்கொண்டே இருந்தது. மில்லில் விளக்கு எரிந்தது. பானை வெளியே இருந்தது. அதன் வாயில் புதுத் துணி கட்டியிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு பானைகள். ஒன்று மதார் சாகிப் வீட்டுடையது, அதில் ஆஃப்ஷீன் தன் பெயரைச் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தாள். கீர்த்தனா நாற்காலி போட்டு உட்கார்ந்து டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

நயினார் நின்றபடி ஊற்றிக் கொடுத்தார். பெரியவர்கள் வாங்கினால் அவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, அடுத்த டம்ளருக்குப் போய்விடுவார். ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் வந்தால் மட்டும் குனிந்து, மில் வெளிச்சம் முகத்தில் படும்படி கொஞ்சம் நகர்ந்து நின்று கொடுத்தார். பையனா பெண்ணா என்றுகூடப் பார்க்கவில்லை. அவர்கள் குடித்து முடிக்கும்வரை அசையமாட்டார்.

செய்யாறு பக்கத்துச் சனம் போலிருந்தது, ஒரு கூட்டம் வந்தது. அதில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் குழந்தை. மாட்டுக்காரக் குடும்பமோ என்னவோ, பாவாடையெல்லாம் சாணிக் கறை. ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தது. அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றார் நயினார். குழந்தையின் முகத்தைப் பார்த்து, பானைத் துணியை விலக்கி டம்ளரை உள்ளே விட்டபடி, "இன்னும் வேணுமா?" என்று கேட்டார்.